பதினொரு பொட்டுகளின் நடு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. சாதுவான ஆள் என்று நாலு பேரிடம் பெயர் வாங்கி வைத்திருக்கிறேன், இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்து வீட்டுப் பெண் எங்கள் கூடத்தில் விட்டுப்போன கணக்குப் புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். ஒரு பக்கத்தில் படுக்கையாக ஒரு கோடு, கோட்டின் மேல் அங்கங்கே புள்ளிகள். அதற்குக் கீழே: 'ஓர் அலுவலகத்தில் பதினொரு பேர் நாளொன்றுக்குத் தட்டச்சு செய்யும் வரிகள் வரைபடத்தில் தரப்பட்டுள்ளன. இடைநிலை அளவைக் காண்க.' கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. 800. அதோடு முடிந்தது.

முடிந்ததா? யார் அந்தப் பதினொரு பேர்? இடக்கோடியில் தன்னந்தனியாக நிற்கிறதே ஒரு புள்ளி, அதற்குப் பேர் இல்லையா? அது ஏன் அங்கே நிற்கிறது? புத்தகம் இதைக் கேட்காது. சரி, நான் கேட்கிறேன்.

'பெங்களூரில் அன்று காலையிலிருந்தே தூறிக்கொண்டிருந்தது. அம்புஜம் குடையை...'

[விட்டுவிட்டேன். பெங்களூர்க் கதை என்றாலே மழையை இறக்குவது எனக்கும் பழக்கமாகிவிட்டது.]

'நடு என்பது என்ன? கோயில் பிராகாரத்தில் சுற்றும்போது...'

[இதுவும் வேண்டாம். பிரசங்கம் என்று நண்பர்கள் சொல்வார்கள். பிரசங்கம் வரும், ஆனால் கடைசியில்.]

2

2001. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு மைக்கில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு இரவோடு இரவாக இங்கே வந்துவிடும். காலையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கால் பெடலை அழுத்தி அழுத்திக் கேட்டு, பதினொரு பேர் தட்டச்சு செய்வார்கள். அவர்களுக்கு மேற்பார்வை கிளாரன்ஸ்.

கிளாரன்ஸுக்கு நாற்பது வயது இருக்கலாம். (இருக்கட்டும்.) ஃபைல்களைப் பிரித்துக் கொடுப்பது அவர் வேலை. வெள்ளிக்கிழமைதோறும் சுவரிலிருக்கும் தெர்மகோல் அட்டையில் வரைபடம் போடுவதும் அவர்தான். கீழே ஐம்பது ஐம்பது வரிகளாகக் கட்டம். ஒருவர் அந்த வாரம் நாளொன்றுக்கு எத்தனை வரி அடித்தாரோ, அந்தக் கட்டத்துக்கு மேல் அவருக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் பேர். இரண்டு பேருக்கு ஒரே கட்டம் என்றால் பொட்டின் மேல் பொட்டு.

பொட்டு வாங்கப் போகும்போதெல்லாம் ஃபேன்ஸி ஸ்டோர் மரகதம் விடமாட்டாள்.

"என்னா சார், உங்க சர்ச்சுல பொட்டு வெக்க மாட்டாங்களே. யாருக்கு இது? மேடத்துக்குத் தெரியுமா?"

"ஆபீசுக்கும்மா."

"எல்லா ஆம்பிளையும் அதான் சொல்றான்."

நடுவைக் கண்டுபிடிக்க கிளாரன்ஸ் கணக்குப் போடமாட்டார். இடது ஆள்காட்டி விரலை இடக்கோடிப் பொட்டிலும், வலது விரலை வலக்கோடிப் பொட்டிலும் வைப்பார். ஒரே சமயத்தில் ஒவ்வொரு பொட்டாக உள்ளே நகர்த்துவார். இரண்டு விரலும் எந்தப் பொட்டில் முட்டிக்கொள்கிறதோ அதுதான் மீடியன். ஆபீஸில் அப்படித்தான் சொல்வார்கள். இடைநிலை என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

அந்த வெள்ளிக்கிழமை விரல்கள் முட்டியது சிந்துவின் பொட்டில். எண்ணூறு. சிந்து தர்மபுரியிலிருந்து வந்து ரெண்டே மாதம். இடக்கோடியில், அறுநூற்றைம்பதுக்கு மேல், தனியாக அம்புஜம். வலக்கோடியில், ஆயிரத்தைம்பதில், ரகு.

அம்புஜம் ஏன் அங்கே? சோம்பேறி இல்லை. ஒரு டாக்டர் இருக்கிறார், வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவர் மாதிரி. ஆபீஸில் அவருக்குப் பேர் போண்டா டாக்டர். அவர் பேச்சில் ஒரு வரியைப் பிடிக்க ஆறு தடவை பெடலை அழுத்த வேண்டும். புதுசாக வந்தவர்களிடம் போனால் அழுதேவிடுவார்கள். அதனால் காலையில் கிளாரன்ஸ், "போண்டா வந்திருக்கு," என்றதும் அம்புஜம் கையைத் தூக்கிவிடுவாள்.

"எனக்குப் போடுங்க சார். சிந்துக்கு வேணாம், அது இப்பத்தான் வேகம் புடிக்குது."

"தினமும் நீங்களேவா மேடம்?"

"பதினஞ்சு மில்லியா அம்பது மில்லியான்னு நமக்குக் கேக்கலைன்னா, அங்க ஒருத்தர் உசுரு சார். எனக்குக் காது நல்லா இருக்கு. சாமி குடுத்தது சும்மா இருக்கறதுக்கா?"

சந்தாபுராவிலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள். வீட்டுக்காரருக்கு ஹெப்பகோடியில் வேலை போய் அப்போது அரை வருஷம் ஆகியிருந்தது. அவளுடைய இந்த நாற்காலியில்தான் வீடு நின்றுகொண்டிருந்தது.

புத்தகம் கேட்காத கேள்விக்குப் பதில் இதுதான். அந்தப் புள்ளி இடக்கோடியில் நின்றது, இன்னொரு புள்ளியை நடுவுக்குத் தள்ளிவிட்டு.

3

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு என் பத்திரிகை நண்பர் போன் செய்தார்.

"ரகுவைப் பெரிசு பண்ணுங்களேன். ஜெயிக்கறவன் கதைன்னா நிக்கும். இந்த அம்மா நடுவுலகூட இல்ல, கடைசில இருக்காங்க. சப்புன்னு இருக்கு."

"அதனாலதான் எழுதறேன்."

"யார் படிப்பா?"

"கடைசில நிக்கறவங்க படிப்பாங்க. அவங்கதான் நெறைய பேர்."

போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நடுவுக்கு அந்தப்பக்கம் எத்தனை பேரோ இந்தப்பக்கமும் அத்தனை பேர். நெறைய என்று சொன்னது தப்புக் கணக்கு. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளப் போவதில்லை.

4

அந்த வெள்ளி மாலை மானேஜர் சஞ்சய் வந்தார். மேலிடத்துக்கும் கீழிடத்துக்கும் இடையில் நசுங்கிய பையன், கெட்டவன் என்று நான் எழுதவில்லை. (ஒரு வரைவில் எழுதியிருந்தேன். மீசைகூட வைத்தேன். எடுத்துவிட்டேன்.) ஒரு ஆஸ்பத்திரி ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விட்டதாம்.

"லுக், எனக்கும் வேற வழி இல்ல. அடுத்த ஃப்ரைடே இதே சார்ட்ல மீடியனுக்குக் கீழ யார் இருக்காங்களோ, அவங்க வேணாம். இனிமே எவ்ரி மந்த் இப்படித்தான்."

அவருக்கே சங்கடமாகியிருக்க வேண்டும், ஆறுதலாக ஒன்று சொன்னார்.

"பயப்படாதீங்க. எல்லாரும் மீடியனுக்கு மேல வந்துட்டா நான் யாரையும் அனுப்ப மாட்டேன். ப்ராமிஸ். மீடியனுக்குக் கீழ யாருமே இல்லாத ஆபீஸ், அதான் எனக்கு வேணும்."

ரகு இருமுகிற மாதிரிச் சிரித்தான். கிளாரன்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இங்கே நான் ஒரு வாரம் மாட்டிக்கொண்டேன். அம்புஜத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே இப்படி எழுதினேன்:

'மறு வெள்ளிக்கிழமை. ஆபீஸில் யாரும் இல்லை. கிளாரன்ஸ் அம்புஜத்தின் பொட்டை நகத்தால் மெல்ல உரித்தார். கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அதை எண்ணூற்றைம்பதுக்கு மேல் கொண்டுபோய்...'

அங்கேயே நின்றுவிட்டது. கிளாரன்ஸ் மறுத்துவிட்டார். நிஜமாகத்தான் சொல்கிறேன், எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். நான் அந்தக் கையை எவ்வளவு தள்ளினாலும் நகரவில்லை. அவர் வாரத்தில் ஆறு நாள் ஜெபிக்கிறவர், ஏழாம் நாள் கோயிலில் பாடுகிறவர். பொய்ப்பொட்டு ஒட்டமாட்டார்.

ஒட்டியிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? நீங்களே விரலை வைத்துப் பாருங்கள். அம்புஜம் இடமிருந்து வலம் போனால் நடு ஒரு பொட்டு வலப்பக்கம் நகரும். அதுவரை நடுவாக நின்ற சிந்து இடப்பக்கம் விழுவாள். ஒருத்தியைத் தூக்கிய கை இன்னொருத்தியைத் தள்ளியிருக்கும்.

என் கோபம் இங்கேதான் இரண்டு மடங்காயிற்று.

5

ஆகவே அவர்களே பார்த்துக்கொண்டார்கள். நடந்தது திங்கட்கிழமை, காலை டீ நேரத்தில், கீழே பேக்கரி வாசலில்.

"அஞ்சு பேர் போனா மிச்சம் ஆறு பேர்," என்றார் கிளாரன்ஸ். "அடுத்த மாசம் அதுல மூணு பேர் கீழ. அப்புறம் மூணுல ஒருத்தர், ரெண்டுல ஒருத்தர். கடைசியா ரகு மட்டும்."

"அப்ப எனக்கு நானே மீடியனா?" என்றான் ரகு. "சக்கத் குரு, பிரமாதம்! ஃபேன் ஸ்விட்சுக்கு சண்டை இருக்காது."

"போண்டாவும் உனக்குத்தான்டா," என்றாள் அம்புஜம்.

ரகுவின் முகம் தொங்கிப்போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். சிந்து மட்டும் சிரிக்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அவர் சொன்னாரே, கீழ யாருமே இருக்கக்கூடாதுன்னு."

"அது நடக்காதும்மா. நடுன்னு ஒண்ணு இருந்தா அதுக்குக் கீழ ஆளு இருக்கும்."

"எல்லாரும் ஒரே கட்டத்துல நின்னா?"

கிளாரன்ஸ் சட்டைப்பையிலிருந்து பொட்டு அட்டையை எடுத்தார். பேக்கரியின் கண்ணாடி அலமாரியில், ரஸ்க்குக்கு நேராக, பதினொரு பொட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டினார். கடைக்காரர் கன்னடத்தில் ஏதோ கத்தினார். கிளாரன்ஸ் இரண்டு விரலையும் வைத்தார். ஒன்று உச்சியில், ஒன்று அடியில். இடம் வலம் போக இடமே இல்லை. எந்தப் பொட்டில் முட்டினாலும் அதே கட்டம்தான்.

"யாரும் கீழ இல்ல," என்றார் மெதுவாக.

"யாரும் மேலயும் இல்ல," என்றாள் அம்புஜம். "ரகு, உனக்குப் பரவாயில்லியா?"

ரகுவுக்குப் பரவாயிருந்தது. முதலிடம் என்றால் அவனுக்கு உயிர். தன் வலக்கோடிப் பொட்டை ஊரில் அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறான். காலி டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, நான் சேந்த புதுசுலயும் போண்டாவ நீங்கதான் எடுத்தீங்க, இல்ல?"

அம்புஜம் அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சரி. எனக்கும் போடுங்க சார் போண்டா. என்னதான் திங்கிறான்னு பாத்துடறேன்."

கிளாரன்ஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பொய் கூடாது. அடித்தால்தான் பொட்டு. அந்த வாரம் போண்டா எல்லாருக்கும் பங்காயிற்று. எண்ணூறு வரியை வேகமாக முடித்தவர்கள் அதற்கு மேல் அடிக்கவில்லை, கையைக் கட்டியும் உட்காரவில்லை, பக்கத்து நாற்காலியின் ஹெட்ஃபோனை வாங்கி, கேட்காத வார்த்தையைக் கேட்டுச் சொன்னார்கள். அம்புஜத்துக்கு எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தெளிவாகப் பேசும் டாக்டர்கள் கிடைத்தார்கள். "இவ்ளோ ஈசியா இந்த வேலை?" என்று கேட்டாளாம்.

6

வெள்ளிக்கிழமை. சஞ்சய் அட்டைக்கு முன்னால் நின்றார். எண்ணூறு என்ற கட்டத்துக்கு மேல் பதினொரு பொட்டு, கொடிக்கம்பம் மாதிரி. மற்றக் கட்டங்கள் எல்லாம் வெறிச்சென்றிருந்தன.

"வாட் இஸ் திஸ்?"

"சார்ட் சார்."

"விளையாடறீங்களா கிளாரன்ஸ்?"

"ஒரு பொட்டுகூட பொய் இல்ல சார். கம்ப்யூட்டர்ல பாத்துக்குங்க. மொத்த வரியும் போன வாரம் மாதிரிதான், கொஞ்சம்தான் முன்னபின்ன. தப்பு மட்டும் கொறஞ்சிருக்கு."

சஞ்சய் கணினியில் பார்த்தார். திரும்பி வந்தார். ஒருவரும் பெடலை அழுத்தவில்லை. பதினொரு பேரும் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரையே பார்த்தார்கள்.

"மேடம், நீங்கதானே லாஸ்ட் வீக் சிக்ஸ் ஃபிஃப்டி?"

"ஆமா சார். போன வாரம் போண்டா எல்லாம் எங்கிட்ட இருந்தாரு."

"யாரு?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்து அடங்கியது. அம்புஜம் எழுந்து நின்றாள்.

"மீடியனுக்குக் கீழ யாரும் இல்லாத ஆபீஸ் கேட்டீங்க சார். இந்தாங்க."

சஞ்சய் விரலை வைத்தார். ஒன்று உச்சியில், ஒன்று அடியில். பிறகு அட்டையைப் பிடித்திருந்த குண்டூசியில் கை வைத்தார்.

7

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். என்னிடம் நாலு முடிவு இருக்கிறது. கொடியதிலிருந்து நல்லதை நோக்கி வரிசையாக, கிளாரன்ஸ் மாதிரியே, ஒட்டிவைத்திருக்கிறேன்.

இடக்கோடியில்: சஞ்சய் அட்டையைக் கிழிக்கிறார், அம்புஜமும் கிளாரன்ஸும் அன்றைக்கே வெளியே. பத்திரிகை நண்பருக்கு இது பிடிக்கும், நிஜம் இப்படித்தான் இருக்கும் என்பார். அடுத்தது: அட்டையைக் கழற்றிக்கொண்டு பேசாமல் போகிறார், திங்கட்கிழமை வேறொரு விதியோடு வருகிறார். அதற்கடுத்தது: அட்டையைக் கழற்றிக்கொண்டு பேசாமல் போகிறார், திங்கட்கிழமை சுவர் வெறுமையாகவே இருக்கிறது, யாரும் யாரையும் அனுப்பவில்லை. வலக்கோடியில்: அவரே ஒரு ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டு, போண்டா டாக்டரின் ஒரே ஒரு வரியைக் கேட்கிறார். ஆறு தடவை கேட்கிறார். மன்னிப்புக் கேட்கிறார்.

விரல்களை வைத்து உள்ளே நகர்த்துங்கள். முட்டாது. நாலு என்பது இரட்டைப்படை. நடு இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில், பொட்டே இல்லாத வெற்றிடத்தில் விழும். அங்கே இருப்பது சனியும் ஞாயிறும்தான். சந்தாபுராவில் அம்புஜம் திங்கட்கிழமைக்குப் புடவை மடித்து வைக்கிறாள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்திருக்கும் கிளாரன்ஸின் கட்டைவிரலில் ஒரு பொட்டு ஒட்டியிருக்கிறது. அவர் மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

ஐந்தாவது பொட்டை நான் ஒட்டமாட்டேன். அது உங்களுடையது. கொடிய பக்கம் ஒட்டினால் நடு புது விதிக்குப் போய்விடும். நல்ல பக்கம் ஒட்டினால் வெறும் சுவருக்கு வரும். அந்தக் காலி இடத்திலேயே ஒட்டினால் உங்கள் முடிவுதான் முடிவு. பிரசங்கம் கடைசியில் வரும் என்றேனே, இதுதான். உலகத்தையே புரட்டுகிற பெரிய நன்மையை ஒட்டினாலும், ஒரு ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுச் சொல்கிற சின்ன நன்மையை ஒட்டினாலும், நடு நகர்கிற தூரம் ஒன்றுதான். எவ்வளவு பெரிது என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கிறது.

திங்கட்கிழமை காலை. ரெண்டாவது பஸ் ஆஸ்டின் டவுனில் நிற்கிறது. அம்புஜம் இறங்குகிறாள், பேக்கரியைத் தாண்டி மாடிப்படியில் கால் வைக்கிறாள்.

பொட்டு உங்கள் விரலில் இருக்கிறது.