தொப்பி கழலாத புரதம்

1.

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், எதிரே உட்கார்ந்திருந்தவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். அவள் பெயர் விஷ்ணுப்ரியா. என் அடுக்குமாடியில் பக்கத்து வீடு. பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் புரதங்களை ஆராய்கிறவள். என்ன வேலை என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அன்று சோறு ஆறிப்போனது.

"இங்க பாருங்கக்கா." ரசக் கிண்ணத்தில் மிதந்த இரண்டு எண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் கிட்டத்தில் தள்ளினாள். இரண்டும் ஒட்டி ஒன்றாயின. "நம்ம நரம்பு செல்லுக்குள்ள சில புரோட்டீன் இப்படித்தான் துளியா சேரும். வேல முடிஞ்சா பிரிஞ்சிடும். அது நல்லதுதான். பிரியாம அங்கேயே கெட்டியாயிட்டாத்தான் நோயி."

தொடக்கம் கிடைத்த சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடிவந்து எழுதினேன்: 'ஐஸ்பெட்டியில் வைத்த நெய்யைப் போல அந்தத் துளிகள்...'

(இந்த வாக்கியத்தை ப்ரியா அடித்துவிட்டாள். "நெய்ய சூடு பண்ணா உருகிடும். இது உருகாதுலா அக்கா." விஞ்ஞானியிடம் உவமை சொல்லிப் பிழைக்க முடியாது.)

2.

வேறு தொடக்கம்: 'காப்பார் ஊரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த திருச்செல்வத்துக்கு முதலில் நாக்குதான் தடுமாறியது.'

இது நிற்கட்டும். திருச்செல்வம் ப்ரியாவின் அப்பா. நாக்குக்குப் பிறகு கை, அப்புறம் கழுத்து. உடம்பை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துவரும் நோய்.* அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் ப்ரியா தன் பழைய ஆராய்ச்சியை விட்டு இந்தப் புரதத்துக்கு மாறினாள்.

விழுங்க முடியாமல் அவர் மெலிந்துகொண்டே வந்தார். வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுக்கலாம், ஆனால் மூச்சில் தெம்பு இருக்கும்போதே வைத்துவிட வேண்டும், பிந்தினால் ஆபத்து என்றார் மருத்துவர். திருச்செல்வம் மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். காரணம், மகள்.

(* மருத்துவமனையில் எல்லோரும் இதை எம்.என்.டி. என்கிறார்கள். நோய்களுக்கும் செல்லப்பெயர் வைக்கிற ஊர் நம்முடையது.)

3.

காரணத்தைச் சொல்ல ஆய்வுக்கூடத்துக்குள் போக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

அந்தப் புரதத்தைச் சும்மா விட்டால் சோதனைக்கு முன்பே கட்டிதட்டிவிடும். அதனால் அதன் தலையில் வேறொரு புரதத்தைத் தொப்பியாக மாட்டித் தயாரிப்பார்கள். சோதனை தொடங்கும்போது ஒரு நொதியைச் சேர்த்தால் அது தொப்பியை வெட்டிவிடும். உடனே துளிகள் உருவாகும், நேரம் போகப்போகக் கெட்டியாகும்.

ப்ரியா ஒரு மருந்தைக் கலந்து பார்த்தாள். துளிகள் கெட்டியாகவில்லை. ஒளிரும் துளியில் ஒரு புள்ளியை மட்டும் லேசரால் அணைத்துவிட்டுக் காத்திருந்தாள். சுற்றிலுமிருந்து ஒளி ஓடிவந்து அந்த இருட்டை நிரப்பியது. உள்ளே இன்னும் திரவம்தான்!

ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. காப்பாருக்குப் போன் போட்டாள். "பா, மருந்து வேல செய்யுதுப்பா!" திருச்செல்வம் குழறிக் குழறியே ஊரெல்லாம் தமுக்கடித்துவிட்டார். மருந்துதான் வரப்போகிறதே, வயிற்றில் எதற்கு ஓட்டை?

4.

இந்த இடத்தில் எனக்கு என் கதாநாயகி மீதே சந்தேகம் வந்தது. அடுத்து அவள் செய்ததை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா?

பேராசிரியர் பாராட்டிவிட்டார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே போய், மருந்து கலந்த சோதனைக் குழாயில் எத்தனை தொப்பி கழன்றிருக்கிறது என்று பார்த்தாள். பாதிகூடக் கழலவில்லை. தொப்பி கழலாத புரதம் எப்படிக் கெட்டியாகும்? மருந்து நோய்ப் புரதத்தை ஒன்றும் செய்யவில்லை, தொப்பியை வெட்டும் நொதியைத்தான் மடக்கிப் போட்டிருந்தது. மனித நரம்பிலோ அந்தத் தொப்பியும் கிடையாது, அந்த நொதியும் கிடையாது.

"ஏம்மா நீயா தேடிப் போய்ப் பாத்த?"

"டௌட் வந்திருச்சுக்கா. வந்தப்புறம் எப்படிப் பாக்காம இருக்கறது?"

சொந்த அப்பாவுக்குத் தன் வாயால் கொடுத்த நம்பிக்கையைத் தன் கையாலேயே உடைத்த பெண். நான் எழுந்து கும்பிடாததுதான் குறை.

5.

முடிவு ஒன்று: கடைசியில் மருந்து பலித்து... (அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திருச்செல்வம் மகளின் தலையைத் தடவி, 'தோல்விதான் அம்மா...' (அவருக்குக் கை தூக்க வராது, நாக்கும் சரியாகப் புரளாது. கதைகளில் மட்டும் நோயாளிகள் எப்படித்தான் தத்துவம் பேசுகிறார்களோ!)

நடந்தது இதுதான். காப்பார் வீட்டில் அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு என்னோடதுப்பா. செக் பண்ணாம சொல்லிட்டேன். மருந்து இப்ப வராது. எப்ப வரும்னும் தெரியாது. நீங்க மெலிஞ்சிக்கிட்டே போறீங்க. ட்யூப் வச்சிக்கிறீங்களா?"

அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எ...ப்படி... கண்டுபுடிச்ச?" என்றார். தொப்பி விஷயத்தை மறுபடி சொன்னாள். தோள் குலுங்கச் சிரித்தார். "எம்... மவ," என்றார். பிறகு அவர் தலை மார்பை நோக்கித் தாழ்ந்தது.

'அவர் சம்மதமாகத் தலையாட்டினார்' என்று எழுதி முடித்தேன். எனக்கே கண் கலங்கியது. படித்துப் பார்த்த ப்ரியா பென்சிலை எடுத்தாள்.

"அக்கா, அவருக்குக் கழுத்து நிக்காது. அது தலையாட்டுனதா, தலை தானா விழுந்ததான்னு எப்படித் தெரியும்? அந்த மாதிரி ஒரு தடவ நம்பித்தான் போன் பண்ணேன்."

போயிற்று அந்த வரி. அவள் உண்மையில் செய்ததை எழுதுகிறேன். அப்பாவின் தலையை இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். "பா, சரின்னா கண்ண ரெண்டு தடவ மூடித் தொறங்க. வேணான்னா அப்படியே பாருங்க. எதுவா இருந்தாலும் உங்க இஷ்டம்தான்."

ஒருமுறை மூடித் திறந்தார்.

எல்லோரும்தான் கண் இமைக்கிறோம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு என்ன ஆனதென்று ப்ரியா எனக்குச் சொல்லிவிட்டாள். நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. வேண்டிய பதில் பாதி வந்த பிறகும் அவள் மீதிக்காகக் காத்திருந்தாளே, அதைவிடப் பெரிய முடிவு என்னிடம் இல்லை.

அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. அவர் கண்களைப் பாருங்கள்.