கலியாணத்துக்குப் பிந்தி வந்தவன்

…கொடுத்தால் புருசன் அம்புறோஸ் என்ன சொல்வார், சொல்லட்டுமே, இதெல்லாம் அவர் பார்த்த வேலைதானே என்று எண்ணியபடி பேர்ளி கறிவேப்பிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தாள். எதிரே, பழைய படம் தேடித் திரிகிற பிரெஞ்சுப் பெடியன் மாக்சிம், அவள் கடைச் சாவி போட்டுவைக்கிற பழைய வீடியோக் கசெற் உறையைப் பச்சைப்பிள்ளைபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றான்… உறையில் வெள்ளைக் கோட்டு ஜப்பான்காரன், கையில் துப்பாக்கி, பின்னால் எரிகிற துறைமுகம்; வந்த காலத்தில் ஒருவரும் திரும்பிப் பாராத கள்ளன்–பொலிஸ் படமாம், டிவிடியாகக்கூட வரவில்லையாம், பிரெஞ்சுக் குரல் கொடுத்த இந்தக் கசெற்றுக்குச் சேகரிப்புக்காரர் உயிரை விடுகிறார்களாம், உள்ளே இருந்தது எங்கே மதாம் என்கிறான், எங்கே என்று சொல்வது, வீட்டில் மாதா படத்துக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது என்றா?

இந்த மரக்கறிக் கடை வீடியோக் கடையாக இருந்த நாளில் எல்லாரும் செய்ததுதான், பூட்டுப்பட்ட பிரெஞ்சுக் கடைகளின் கசெற்றுகளைப் பெட்டியோடு தூக்கிவந்து, பதிவு அழியாமலிருக்க ஓரத்தில் உடைத்துவிட்ட குழியில் செலோரேப் ஒட்டி, படத்துக்கு மேலேயே சாமத்தியவீடு, ஞானஸ்நானம் என்று பதிவார்கள்… புதுக் கசெற் அடுக்கியிருக்க, சொந்தக் கலியாணத்துக்கும் இந்த மனுசன் பழசைத்தானே எடுத்தார்! கேக் வெட்டி முடியத் திரையில் இரைச்சலோடு புள்ளிமழை, பிறகு வெள்ளைக் கோட்டுக்காரன் ஓடுவான், ஏன் ஓடுகிறான், யாருக்குத் தெரியும், தொடக்கம் கலியாணத்துக்கு அடியில் போய்விட்டது. பிள்ளைகள் அவனைக் கலியாணத்துக்குப் பிந்தி வந்த சொந்தக்காரன் என்றே நம்பி வளர்ந்தார்கள். இதைச் சொன்னால், மிச்சப் பாதி போதும் மதாம், பிரதி எடுத்துத் திருப்பித் தருகிறேன் என்கிறான், ஆனால் நாட்பட்ட கசெற் நாடா, அறுந்தால்? வேறு பிரதியும் இல்லையே…

வீட்டுக்குப் போன் எடுத்தாள். கதையைக் கேட்டு அம்புறோஸ் சிரித்தார்.

"கசெற்றைக் குடுமன். எங்கடை கலியாணம் அறுந்தாலும் பரவாயில்லை, அவன் ஓடுறது அறுந்திடக் கூடாதெண்டு சொல்லும்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி" என்று போனை வைத்துவிட்டாள், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றதும் மாக்சிமின் முகம் மலர்ந்தது, உங்களுக்கு எந்தப் பாதி பெறுமதி, அதைக் கூடக் கவனமாக எடுக்கிறேன் என்று கேட்டான். கலியாணந்தான் என்று வாய்வரை வந்தது… ஒவ்வொரு வருசமும் கலியாண நாளில் கசெற் ஓடும்போது தான் எங்கே இருந்தாள், குசினியில், றோல்ஸ் பொரித்துக்கொண்டு, புள்ளிமழை இரையும் சத்தம் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவருவாள், அந்த ஓட்டத்தைப் பார்க்க… அம்புறோஸ் மட்டும் கசெற் தொடங்குகிற கோயில் மணியிலிருந்தே கதிரையில் இருப்பார், அசையமாட்டார், அவ்வளவு நேரமும் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்?