அர்மினுக்குப் பக்கத்து இடம்

ஹெர்மினாவைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்குத் தெரியும். கல்நெஞ்சக்காரி. ஊரில் மற்றவர்கள் கண்டிப்பானவள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்த மரியாதை வரவில்லை.

அவள் மகன் அர்மின், யூதப் பெண்ணல்லாத எனிக்கோவைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து மருமகளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "நம்ம விருந்தாளி" என்பாள். எனிக்கோவோ அவளை அம்மா என்றுதான் அழைத்தாள். அர்மின் செத்த பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் பின்னல் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஹெர்மினா வாங்கிக்கொள்வாள். அப்புறம் அது வாத்துகளுக்குப் போகும்.

பிறகு எனிக்கோவுக்கே கணையத்தில் புற்றுநோய் வந்தது. அடுத்த குளிர்காலத்தைப் பார்ப்பாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவளுக்கு ஒரே ஆசைதான்: எங்கள் யூத மயானத்தில் அர்மினுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடம். வெளியாள் என்றாலும், குடும்பம் சம்மதித்தால் தான் குறுக்கே நிற்கப் போவதில்லை என்று எங்கள் மதகுரு ரப்பி சொல்லிவிட்டார். குடும்பம் என்று மிச்சமிருந்தது ஹெர்மினா மட்டும்தான். கேட்டால், "பாக்கலாம், பாக்கலாம்" என்பாள்.

அந்த வசந்தத்தில் ஷவுவோத் என்கிற எங்கள் அறுவடை விழா வந்தது. ஜன்னல்களுக்கு வழக்கமாக வெட்டும் காகிதப் பூக்களோடு, ஆளுக்கு ஒரு பக்கம் காமிக்ஸும் செய்யலாம் என்று பெண்கள் குழுவில் முடிவானது. விழாவில் வாசிக்கிற கதைதான். விதவை மருமகள் ஒருத்தி மாமியாரின் ஊருக்கே போய், அந்த மண்ணிலேயே புதைவேன் என்று ஆண்டவன் பேரில் சத்தியம் செய்கிற கதை. எங்களுக்கு ஒரு பக்கத்துக்கே மூச்சு வாங்கியது. எனிக்கோ முழுப் புத்தகமே செய்தாள். கீமோ முடிந்து வந்த கையோடு உட்கார்ந்து, கறுப்புத் தாளில் ஆட்களையும் வெள்ளைத் தாளில் பேச்சுக் குமிழிகளையும் வெட்டினாள். கதையின் மாமியாருக்கு ஹெர்மினாவின் மூக்கு, ஹெர்மினாவின் கொண்டை. ஆனால் முகத்தில் அப்படி ஒரு கனிவு! அந்தக் கனிவை எங்கே பார்த்தாளோ.

கடைசிக் குமிழியில் சத்தியத்தை எபிரேயத்தில், அச்சுப் புத்தகத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக வெட்டினாள். ஆண்டவன் பெயரையும் சேர்த்து. நாங்கள் யாரும் அதைச் சாதாரணத் தாளில் முழுசாக எழுத மாட்டோம். அவளுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. எழுத்துகளை ஒட்டும் முன் ஹெர்மினா அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, கோணாம ஒட்டு" என்றாளாம். அம்மா மனம் இளகிவிட்டது என்று எனிக்கோ எனக்குப் போன் செய்து அழுதாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

விழாவுக்கு முந்திய ஞாயிறு, சபைக் கூடத்தில் எல்லோரும் பாலாடைக்கட்டி பன் தின்றுகொண்டிருந்தோம். எனிக்கோ புத்தகத்தை ஹெர்மினாவிடம் நீட்டினாள். அவள் பொறுமையாகப் புரட்டிக்கொண்டே போனாள். கடைசிப் பக்கம் வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அப்போதுதான் பார்ப்பவள் மாதிரி ரப்பியைக் கூப்பிட்டாள். வெளியாள் கையால் உண்டான திருப்பெயர், இதை என்ன செய்வது என்று கேட்டாள். ரப்பி எனிக்கோவின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். வைத்துப் படிக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது, புதைக்க வேண்டும்.

எனிக்கோ மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். "அந்த ஒரு பக்கத்த மட்டும் வெட்டிடறேன்மா. மிச்சம் உங்களுக்காகத்தான் செஞ்சது."

"பேர் இருக்கற புஸ்தகத்துல கத்திரி வைப்பியா?" என்றாள் ஹெர்மினா. "குப்பை மாதிரி எங்கயோ போட மாட்டேன், கவலப்படாத. எங்க குடும்ப எடத்துலயே வைக்கறேன். அர்மினுக்குப் பக்கத்துல."

கூடத்தில் சிலர் நெகிழ்ந்தே போனார்கள். நான் பாதி தின்ற பன்னைக் கீழே வைத்தேன்.

மறுநாள் மயானத்தில், எங்கள் மதச் சட்டப்படி மண்ஜாடிக்குள் வைத்து, அந்தக் காலி இடத்தில் புத்தகத்தை இறக்கினார்கள். எனிக்கோ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மா, அப்ப நான்?" என்றாள்.

"பேர் புதைஞ்ச மண்ண யாரும் தோண்டக் கூடாது. ரப்பியவே கேளு."

ரப்பி மண்வெட்டியை எடுத்து ஜாடி மேல் மண்ணைத் தள்ளினார். எனிக்கோ அவரைக் கேட்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அவளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நகராட்சி மயானத்தில் புதைத்தோம். ஹெர்மினா வரவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் எங்கள் மயானத்துக்குப் போய், கல்லறைக்கு நாங்கள் வைக்கிற வழக்கப்படி இரண்டு கூழாங்கல் வைக்கிறாள். மகனுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று.