பத்தாவது ஆள்

எழுபத்து நான்காம் ஆண்டில், சனிக்கிழமை காலை கானிங் தெருத் தொழுகைக்கூடத்துக்கு வரக்கூடிய யூத ஆண்கள் கல்கத்தாவில் சரியாகப் பத்துப் பேர் இருந்தோம். மற்றவர்கள் லண்டனுக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். பத்தில் ஒருவர் குறைந்தாலும் இறந்தவர்களுக்கான கதீஷ் பிரார்த்தனையைச் சொல்லக் கூடாது. அதனால் காய்ச்சலென்றாலும் போவோம். தெருவில் முழங்காலளவு மழைநீர் நின்றாலும் வேட்டியைத் தூக்கிக் கட்டும் வங்காளி பாபுக்களைப் போலக் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு போவோம்.

அந்த வருடம் என் மகள் ஃப்ளோரா, சுகாந்தோ என்ற வங்காளிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அடுத்த சனிக்கிழமை எங்கள் வேதமான தோராச் சுருளைத் தூக்கிவரும் முறை என்னுடையது. நான் எழுந்தபோது, பள்ளிக்கூட நாளிலிருந்து என் நண்பனான ஹிஸ்கேல் எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்.

"வேற யாராவது தூக்குங்கப்பா. பெத்த பொண்ணையே பிடிச்சு வைக்க முடியல, இவன் இதைப் பிடிப்பானா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சுருளைத் தொடாமல் வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை ஹிஸ்கேலின் தாயாருடைய வருடாந்திர நினைவு நாள்; அன்று அவன் கதீஷ் சொல்ல வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த அம்மாள் கையால் எத்தனையோ வெள்ளிக்கிழமை சாப்பிட்டவன் நான். அன்று நான் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குக் கலீல் வந்தான். ஒடிசாக்காரன், முஸ்லிம், எங்கள் தொழுகைக்கூடத்தின் காவலாளி. வெயிலில் நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"ஒன்பது பேர் காத்துக்கிட்டிருக்காங்க, சாஹிப். ஹிஸ்கேல் சாஹிப் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறார்."

"தலைவலின்னு சொல்லு."

"சொல்றேன். ஆனா அவர்தான் என்னை அனுப்பினார். 'நான் பேசினது தப்பு, வரச் சொல்லு'ன்னார்."

"அதை அவன் அங்க எல்லார் முன்னாடியும் சொல்லட்டும்."

கலீல் திரும்பிப் போனான். போய்வா என்று என் மனைவி இரண்டு முறை சொன்னாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். ஒரு வரிகூட மனதில் ஏறவில்லை. பன்னிரண்டு மணிவரை அவர்கள் காத்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஹிஸ்கேல் புத்தகத்தை மூடிவிட்டுப் போனானாம்.

அடுத்த வாரம் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வாரமே எங்கள் பத்தில் இருவரான சாலமன் சகோதரர்களுக்குச் சிட்னி விசா வந்து, கிளம்பிவிட்டார்கள். அதன்பின் அந்தக் கூடத்தில் பத்துப் பேர் சேரவே இல்லை.

நானும் ஹிஸ்கேலும் பேசிக்கொண்டோம். சேர்ந்து தேநீர்கூடக் குடித்தோம். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு வருடம் கழித்து அவன் இறந்தான். நார்கேல்டாங்கா இடுகாட்டில் நாங்கள் ஐந்து பேர். பெட்டியைத் தூக்கக் கலீலும் அவன் அண்ணன்மாரும் தோள் கொடுத்தார்கள். மண் போட்டு முடித்ததும் பழக்கத்தில் எல்லோரும் புத்தகத்தைத் திறந்தோம். எண்ணிக்கை நினைவுக்கு வந்து, ஒவ்வொருவராக மூடினோம்.

லண்டனிலிருந்து அவன் மகள் கடிதம் எழுதினாள். 'அப்பாவுக்குக் கதீஷ் சொன்னீர்களா, அங்கிள்?' என்று கேட்டிருந்தாள். சொல்ல முடியவில்லை, அங்கே பத்துப் பேரைக் கூட்டிச் சொல்லச் சொல் என்று எழுதினேன். கீழே அவளுடைய பாட்டியின் பெயரையும் இறந்த தேதியையும் எழுதி, இவருக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லம்மா என்றேன். காரணத்தை எழுதப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் எழுதாமலே உறையை ஒட்டினேன்.