எட்டு கார்டு, இரண்டு லைன்

சுருளிப்பட்டி வயர்மேன் அம்மாவாசிக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்று காலை ஜோதிலட்சுமியின் புருஷன் செய்ததைக் கேள்விப்பட்டு வந்து, அவள் வீட்டுப் படியேறும்போதே கருகிய வயர் நாற்றம் மூக்கில் அடித்தது. அவ்வளவுதான், மாடி ஏறுவதற்குள் ஆரம்பித்துவிட்டான்.

"ஏலே விஜய்பாண்டி, உனக்குக் கூறு இருக்கா?"

ஜோதிலட்சுமி அந்த மாடி அறையில் எட்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே கம்ப்யூட்டரில் கோத்து, அனிமேஷன் படம் செய்துகொண்டிருந்தாள். மூன்று மாத உழைப்பு. இன்று விடிவதற்குள் கொடுத்திருந்தால் கம்பெனியில் நிரந்தர வேலை. எட்டு கார்டு இழுக்கிற கரண்டை ஒரே லைன் தாங்காது என்று, அம்மாவாசிதான் இரண்டு லைன் இழுத்து, தனித்தனி பீஸ் போட்டு, நாலு நாலாகப் பிரித்துக் கொடுத்தான். அந்த வேலையில் ஒருத்தன் குற்றம் சொல்ல முடியாது.

நேற்று மேசையை நகர்த்திய அவள் புருஷன் விஜய்பாண்டி, வயர் எட்டவில்லை என்று எட்டையும் ஒரே லைனில் செருகிவிட்டான். பீஸ் போனது. அவனே அதில் வேறு கம்பி கட்டியும் விட்டான். பிறகு போனது பீஸ் இல்லை. சுவருக்குள் வயர் உருகித் தீப்பிடித்து, செய்த படத்தோடு கம்ப்யூட்டரே போய்விட்டது.

அம்மாவாசி பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். கரண்டு மீறினால் முதலில் உருகி அறுகிற மயிரிழைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலு இழை செம்புக் கம்பி முறுக்கிச் சுற்றியிருந்தது.

"அட நாசமாப் போறவனே! எந்தக் கிறுக்கன்டா இப்பிடிக் கட்டச் சொன்னான்?"

"நீங்கதாண்ணே," என்றான் விஜய்பாண்டி. "தோட்டத்து மோட்டாருக்கு இப்பிடித்தான கட்டுவீக? 'இனி சென்மத்துக்கும் போகாது'ன்னு வேற சொல்லுவீக. பாத்துத்தான் செஞ்சேன்."

மோட்டார் வேறு, இது வேறு என்று சொல்ல வாயெடுத்தான் அம்மாவாசி. நாக்கூசியது. மோட்டாருக்கும் அது தப்புதான். பீஸ் போகும்போதெல்லாம் தோட்டத்துக்கு யார் வண்டியை மிதிப்பது என்ற சோம்பலில் கட்டிய கட்டு அது.

கருகிய பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள்.

"யாரு சொன்னாக, யாரு கட்டுனாகன்னு எனக்கெதுக்கு? கம்பெனியில வேற ஆளப் போட்டுட்டாக. ரெண்டு பேரும் இங்கன நிக்காதீக. வெளிய போங்க."

அம்மாவாசி படியிறங்கினான். ஊரில் இப்படிக் கட்டிவைத்த மோட்டார் ரூம்களை எண்ணத் தொடங்கி, இருபதுக்கு மேல் எண்ணப் பயந்து நிறுத்திக்கொண்டான்.