ரெயினில் வரட்டும்

"மெதுவா வரச்சொல்லி மட்டும் சொல்லாதேங்கோ அண்ணை," என்று சொல்லிக்கொண்டே கலாவதி குணசேகரத்தாரின் கையிலிருந்து டெலிபோனைப் பறித்தாள். அவளுக்குச் சேலை உடுத்திவிட்டுக்கொண்டிருந்த பெண் ஊசியும் கையுமாக அப்படியே நின்றாள்.

குணசேகரத்தார் சுவிஸில், பேர்ண் நகரத்தில் எந்தச் செத்தவீட்டையும் முன்னின்று நடத்துகிறவர். நல்ல மனிதர்தான். ஆனால் நாலு நாளாக அவர் வாயைத் திறந்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் நாள் வந்து, விதி பிள்ளை என்றார். விதியாம். கோடைக்கால ரயரோடு ஸ்னோப் பனிக்குள் போய் லொறிக்கு அடியில் காரைச் செருகினால் அதற்குப் பெயர் விதியா?

மறுமுனையில் நித்தியானந்தன். கலாவதியின் செத்துப்போன கணவன் ஸ்ரீஸ்கந்தராஜாவின் தங்கை கஜலக்சுமியின் புருசன். இரண்டு நாள் இங்கே கூட நின்றுவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிவரவென்று நேற்றுப் பின்னேரம்தான் மனைவியோடு பாசல் நகரத்துக்குத் திரும்பிப் போனவன். இரவிரவாக ஸ்னோ கொட்டித் தள்ளிவிட்டது.

"அக்கா, இப்பதான் காரைக் கிண்டி எடுத்தனான். உடனை வெளிக்கிட்டால் பெட்டி மூட முந்தி வந்திடுவம்."

"ரயர் மாத்தினனீரோ?"

கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிற சத்தம்தான் கேட்டது.

"உம்மைத்தான் கேக்கிறன்."

"எங்கையக்கா நேரம். நான் பாத்து மெதுவா ஓடுவன்."

"மெதுவா ஓடினால் மூட முந்தி வந்து சேரமாட்டீர். மூட முந்தி வரவேணுமெண்டால் மெதுவா ஓடமாட்டீர். ரெயினில வாங்கோ."

"ரெயினில வந்தால் பிந்திப்போகும். இவள் தமையன்ர முகத்தைப் பாக்கவேண்டாமோ?"

கலாவதிக்கு உச்சி கொதித்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் இதே டெலிபோன்தான் அடித்தது. பெரியபிள்ளையான கஜலக்சுமியின் மகள் தர்சிகாவுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன்தான் முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அதுவும் ஊர்ப் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்த நேரத்துக்குள் வார்க்க வேண்டும். நவம்பரிலேயே ஸ்னோ கொட்டும் என்று அந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கவில்லை. தேவையில்லாமல் வாகனம் எடுக்காதீர்கள் என்று ரேடியோவில் விடியவே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்த ஸ்ரீஸ்கந்தராஜா, நான் ரெயினில் வரட்டோ என்று தங்கையிடம் கேட்கத்தான் செய்தான். அவள் விட்டாளா? "தாய்மாமன் தட்டங்களைப் பையில போட்டுக்கொண்டு ட்ராமில வந்து இறங்கினால் சனம் என்ன கதைக்கும் அண்ணா?" என்றாள். மூன்று தரம் எடுத்தாள். மூன்றாம் தரம் அழுதாள். அதோடு அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, பலகாரத் தட்டங்களைக் காருக்குள் அடுக்கிவிட்டான். ஸ்னோவில் சறுக்காத வின்டர் ரயர் நாலும் கட்டடத்தின் நிலவறையில் கிடந்தன. மகன் ஆரணனுக்குக் காய்ச்சல் என்றபடியால் கலாவதியும் பிள்ளையும் வீட்டில் நின்றுவிட்டார்கள். இல்லாவிட்டால் அவர்களும் அந்தக் காருக்குள்தான்.

"கஜாட்டைப் போனைக் குடும்."

"மச்சாள்..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

"அழாமல் கேள். பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு காரில வந்தியெண்டால், மண்டப வாசலில நான்தான் நிப்பன். ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டன்."

"ஒருக்கா அண்ணாவின்ர முகத்தைப் பாக்காட்டில் என்ர கட்டை வேகாது மச்சாள்."

"பிள்ளையளை ரெயினில கொண்டு வா," என்றுவிட்டுப் போனை வைத்தாள்.

குணசேகரத்தார் தொண்டையைச் செருமினார். "கூடப்பிறந்தவள் பிள்ளை. நாளைக்குச் சனம் உம்மைத்தான் குறை சொல்லும்."

"சொல்லட்டும். சனத்துக்குப் பயந்த மனிசன்தான் அங்கை பெட்டிக்குள்ள கிடக்கிறார்."

மயான மண்டபத்தில், அவனுடைய நெற்றிக் காயத்தைப் பூச்சுப் பூசி மறைத்திருந்தார்கள். தலையை நேரே பின்னால் இழுத்துச் சீவியிருந்தார்கள். அவன் ஒருநாளும் அப்படிச் சீவினவனில்லை. கைப்பையிலிருந்த சீப்பை எடுத்து அவளே வகிடு பிரித்துச் சீவிவிட்டாள். தேவாரம் படித்தார்கள், ஆரணனும் சனமும் பூப் போட்டார்கள். பிறகு மண்டபத்துக்குப் பொறுப்பான சுவிஸ்காரர் வந்து, அடுத்த குடும்பம் காத்திருப்பதாகத் தணிந்த குரலில் சொன்னார். ஆசுபத்திரிச் சமையலறையில் பழகிய ஜெர்மனில் கலாவதி கால்மணி நேரம் தரச்சொல்லிக் கேட்டாள். அவர் தந்தார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால்மணி நேரமும் போனது. மூடியை வைத்துத் திருகினார்கள்.

அப்போதுதான் அவள் மணிக்கூட்டைப் பார்த்தாள். ரெயின் என்றால் இதற்குள் வந்திருக்க வேண்டும். காரை எடுத்துவிட்டானா? முகம் பார்க்கவேண்டும் என்று கஜலக்சுமி மூக்கைச் சிந்தியிருப்பாள். அவனும் சாவியை எடுத்திருப்பான். எருமை மாடுகள். சொன்னது கேளாத சனியன்கள். வெளியே ஒரு கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டு எழும்பி ஓடினாள். அடுத்த குடும்பத்துக்குப் பூக் கொண்டுவந்த வண்டி. திரும்பி வந்து கதிரை நுனியில் குந்தினாள். வந்து துலையுங்கோ, எப்பிடியாவது வந்து துலையுங்கோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பெட்டியை எரிக்கிற அறைக்குள் கொண்டுபோக ஆட்கள் வந்து நின்றபோது கதவு திறந்தது. கஜலக்சுமி, பின்னால் நித்தியானந்தன், அவன் கையில் சின்னவன், கடைசியாகத் தர்சிகா. ட்ராமால் இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். முழங்கால் வரைக்கும் ஸ்னோ அப்பியிருந்தது.

மூடின பெட்டியைக் கண்டதும் கஜலக்சுமி ஓடிப்போய் அதன்மேல் விழுந்தாள். "பாதி வழியில ரெயினை நிப்பாட்டிப் போட்டாங்கள். காரில வந்திருந்தால் நான் கண்டிருப்பன். என்ர அண்ணாவை எனக்குக் காட்டாமல் மூடிப்போட்டாயே."

"ஓம். மூடிப்போட்டன்," என்றாள் கலாவதி. "இன்னும் நாலு பெட்டிக்கு முன்னால நிக்க என்னால ஏலாது."

நித்தியானந்தன் நிலத்தைப் பார்த்தான்.

தர்சிகா கதவடியிலேயே நின்றாள். உள்ளே வா என்று ஒருவரும் கூப்பிடவில்லை. சடங்குக்குப் போட்ட மருதோன்றி இரண்டு கையிலும் சிவந்திருந்தது. கைகளைக் கோட்டுக்குள் ஒளிக்கப் பார்த்தாள். நாலு நாளாக அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்கவே கலாவதிக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை ஒரு பிழையும் செய்யவில்லை என்று தெரிந்தும்தான்.

கலாவதி தன் பக்கத்துக் கதிரையில் சாய்த்து வைத்திருந்த மலர்வளையத்தைத் தூக்கி நிலத்தில் வைத்தாள். தர்சிகா வந்து அந்தக் கதிரையில் இருந்தாள்.