நூற்று முப்பத்திரண்டு மாத வாடகை

பதினோரு வருடம் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்ததற்கு வக்கீலம்மா போட்ட விலை சுழியம். பேரம் பேசக்கூட இடம் வைக்கவில்லை.

பட்டன் கடைக்காரிக்கு அது பொறுக்கவில்லை. நூல்கண்டில் ஒரு முழம் குறைந்தாலும் மொத்த வியாபாரியை வாசலிலேயே நிறுத்திக் கணக்குக் கேட்கிறவள் அவள். வக்கீலம்மாவோ வங்கிக் கணக்குத் தாள்களைப் புரட்டிப் புரட்டி மஞ்சள் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கடன் தவணையில் சரிபாதியை மாதம் தவறாமல் இவள், கூட வாழும் பூட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறாள். ஒவ்வொரு வரியிலும், காரணம் எழுதும் இடத்தில், 'வாடகை'.

எழுதியவள் இவளேதான். கடன் அவர் பெயரில்தான் கிடைத்தது. வீடும் அவர் பெயருக்கே போனது. நீ ஓனர், நான் குடித்தனக்காரி என்று முதல் மாதம் விளையாட்டுக்குப் போட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அடுத்த மாதமும் போட்டாள். அப்புறம் கை பழகிவிட்டது.

"வாடகைக்குத்தான் இருக்கேன்னு உங்க கையாலயே நூத்து முப்பத்திரண்டு தடவை எழுதிக் குடுத்திருக்கீங்க," என்றார் வக்கீலம்மா. மனைவி என்றால் சட்டம் வழிவிடும், கூட இருந்தவள் என்றால் ரசீது கேட்கும் என்றார். பூட்டுக்காரருக்கு ஏதாவது ஆனால் வீடு அவருடைய அக்காவுக்கு. இவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

போன மாதம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டறையில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் இருவருக்கும் காகிதத்தின் நினைப்பே வந்தது. ஊரார் கதவையெல்லாம் திறந்துவிடுகிற மனிதர், தன் வீட்டுக் கதவு ஒருநாள் இவள் முகத்தில் சாத்தப்படும் என்று கேட்டதும் வெளிறிப்போனார்.

"பாதி வீட்டை இவ பேருக்கு எழுதணும். இன்னைக்கே."

நான்கு மணிக்குப் பதிவு அலுவலகம் மூடிவிடும். வக்கீலம்மா தாள்களை அடுக்கியபடியே இன்னொன்றும் சொன்னார்: கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வந்தால் பத்திரக் கட்டணம் பாதிதான்.

பாதி விலை. பட்டன் கடைக்காரியின் காது தானாக நிமிர்ந்தது. தொகையைக் கேட்டாள், மனதுக்குள் வகுத்தாள். பூட்டுக்காரர் மூச்சுவிடாமல் அவளையே பார்த்தார்.

"தள்ளுபடிக்காகக் கழுத்தை நீட்டற ஆள் நான் இல்ல. முழு விலைக்கே எழுதுங்க."

பதினோரு வருஷத்தில் இவள் முழு விலை கொடுத்து வாங்குவது இதுதான் முதல் தடவை என்று பூட்டுக்காரர் வக்கீலம்மாவிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

சாவிக்கொத்துகள் குலுங்கக் குலுங்க ஸ்கூட்டர் பறந்தது. மெதுவாப் போய்யா, உன் நெஞ்சு இருக்கிற லட்சணத்துக்கு என்று அவர் முதுகில் குத்தியவள், அடுத்த சந்திலேயே ஏன் ஊர்ந்து போகிறாய் என்றும் குத்தினாள். பதிவு அலுவலகத்தில் எழுத்தர் கண்ணாடியைத் தேடி, பேனாவைத் தேடி, உறவு என்ன என்று கேட்டார். சேர்ந்து வாழ்கிறோம் என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார், மணி பார்த்தார், எழுதினார். நான்கு அடிக்க ஆறு நிமிடம் இருக்கையில் முத்திரை தொம்மென்று விழுந்தது.

கடைக்குத் திரும்பி ஷட்டரைத் தூக்கியபோது செல்போன் சிணுங்கியது. பூட்டுக்காரர் பணம் அனுப்பியிருந்தார். பாதித் தவணை, பைசா பிசகாமல். காரணம்: வாடகை.

கூப்பிட்டாள். "என்னய்யா இது?"

"பாதி வீடு இப்ப உன்னுது. நீ அத்தனை மாசம் குடுத்தேல்ல, நான் மட்டும் ஓசியில இருக்கறதா?"

வியாபாரக் குரலை இழுத்து வரவழைத்துக்கொண்டாள்.

"மிச்சத்தை முடிக்காம எங்கயும் நகரக் கூடாது, சொல்லிட்டேன்."

கடை நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். தலைப்பில் பூட்டுக்காரர் என்று எழுதி, அடியில் கோடு போட்டாள்.

வரவு: ஒரு மாதம்.

பாக்கி: நூற்று முப்பத்தொரு மாதம்.